கையால் சுற்றும் சீஸ் துருவி மூன்றே மாதத்தில் உடைந்துவிட்டது, அடுத்து எதை வாங்கலாம்?

#1 கோவை_மீனா

வணக்கம். சமையல் கருவிகளைப் பற்றி இங்கே நிறைய பேர் அனுபவத்தோடு எழுதுகிறீர்கள். அதனால் என் சிக்கலையும் இங்கேயே கேட்கிறேன்.

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், வயது பத்தும் ஏழும். வாரத்தில் மூன்று நாலு நாள் சீஸ் ஊத்தப்பமோ பாஸ்தாவோ வேண்டும். இவ்வளவு நாளும் நாலு பக்கத் துருவியில்தான் துருவினேன். போன வருஷம் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பெரியவள் கடைசித் துண்டைத் துருவப் போய், விரல் முட்டியில் தோலைச் சீவிக்கொண்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கே அந்தத் துருவியைப் பரணில் போட்டுவிட்டு, கையால் சுற்றும் துருவி ஒன்று வாங்கினேன். உள்ளே ஓட்டை போட்ட சின்ன எவர்சில்வர் உருளை, மேலே சீஸ் வைக்கும் குழி, அதை அழுத்துவதற்கு மடங்கும் மூடி, பக்கத்தில் சுற்றும் கைப்பிடி. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக்.

விரல் எங்கேயும் படாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் மூன்று மாதம்தான். மூடியும் உடம்பும் சேரும் கீல் இருக்கிறதே, அங்கே விரிசல் விட்டு, போன ஞாயிற்றுக்கிழமை டப்பென்று இரண்டாகிவிட்டது. நான் போடுவது பதப்படுத்திய சீஸ், கடையில் கிடைக்கும் அமுல் கட்டி. கொஞ்ச நாளாகவே சரியாகத் துருவி வரவில்லை. உருளையைச் சுற்றிப் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும், நான் இன்னும் பலமாக அழுத்துவேன்.

என் கைப்பழக்கத்தில் தப்பா, இல்லை இந்த வகையே நம் சீஸுக்குச் சரிவராதா? இன்னொன்றும் இருக்கிறது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். விரல்களில் மூட்டுவாதம். தேங்காய் துருவ முடியவில்லை, பூண்டு உரிக்க முடியவில்லை என்று அவருக்கு ரொம்ப வருத்தம். பேத்திகளுக்குத் தன் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசைப்படுகிறார். அவரும் சுற்றக்கூடிய மாதிரி ஒன்று இருந்தால் அதையே வாங்கிவிடுகிறேன்.

#2 நெய்ரோஸ்ட்

மீனா, பரணில் இருக்கும் நாலு பக்கத் துருவியை இறக்குங்கள். நான் சென்னையில் பதினைந்து வருஷமாக ஒரே துருவிதான் வைத்திருக்கிறேன். உடைய அதில் எதுவுமே கிடையாது. விரல் படாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். சீஸ் கட்டியின் உறையைப் பாதி மட்டும் பிரியுங்கள். உறை இருக்கும் பாதியைப் பிடித்துக்கொண்டு, பிரித்த பாதியைத் துருவுங்கள். கடைசியில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு மிஞ்சும். அதைத் துருவவே கூடாது, கத்தியால் பொடியாக நறுக்கிப் போட்டுவிடுங்கள். காயம் எல்லாம் அந்தக் கடைசித் துண்டில்தான் வருகிறது.

துருவியின் வெளிப்பக்கத்தில் ரெண்டு சொட்டு எண்ணெய் தடவினால் ஒட்டாது.

#3 ஆரேக்கரை

மீனா தங்கச்சி, நான் சுவிஸில் பேர்ன் பக்கம் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இருபது வருஷத்துக்கு மேல் இந்தச் சுற்றும் துருவியைத்தான் பாவிக்கிறேன். உங்கள் கையில் பிழை இல்லை. அந்தச் சாமானை உண்டாக்கியவர்கள் மனதில் வைத்திருந்த சீஸ் வேறு, நீங்கள் போட்ட சீஸ் வேறு.

இங்கே இதற்குப் பேர்போனது சிலிஸ். கார்ல் சிசெட் என்ற சைக்கிள் மெக்கானிக் 1951-இல் தொடங்கிய கம்பெனி. சிசெட் என்ற அவருடைய பெயரையும் லீஸ் என்ற அவருடைய ஊரையும் ஒட்டித்தான் சிலிஸ் என்று வைத்தார்கள். லீஸ் எங்களுக்குக் கிட்ட இருக்கிற ஊர்தான். இந்த நாட்டில் துருவுவது என்றால் கல்லு மாதிரி இறுகின சீஸ். ஸ்ப்ரின்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு வருஷத்துக்கும் கூடப் பழுக்க வைத்துத்தான் விற்பார்கள். கத்தியால் வெட்டினால் துண்டாக வராது, உடைந்துதான் வரும். இத்தாலியின் பார்மிஜானோவும் அப்படித்தான், ஆகக் குறைந்தது 12 மாதம், நல்லது என்றால் 24 மாதம். தண்ணீர் வற்றிப் போயிருப்பதால் சின்ன ஓட்டை உருளையில் பூப்பூவாக உதிரும். மெல்லமாக அழுத்தினால் போதும்.

நீங்கள் போட்டது பதப்படுத்திய சீஸ். அதுவும் இந்தப் பக்கத்தில் பிறந்ததுதான்! ஆரே ஆற்றங்கரையில் தூன் என்று ஒரு ஊர். அங்கே வால்ட்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் 1911-இல் முதன்முதலாகச் செய்தார்கள். எமென்டால் சீஸை வெக்கையான நாடுகளுக்கு அனுப்பினால் பழுதாகிவிடும், அதைத் தடுக்க வழி தேடினார்கள். சீஸைத் துண்டாக்கி, சிட்ரேட் உப்புச் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் கொழுப்புப் பிரியாமல் வழவழப்பாக வரும். ஆறினால் இறப்பர் மாதிரி இளகி நிற்கும். வைத்திருக்க நல்லது, உருக்க நல்லது. சின்ன ஓட்டையில் துருவத்தான் அது வராது. அழுத்தினால் நசுங்கி ஓட்டைக்குள் அடைபடும். அடைபட்டால் நாங்கள் இன்னும் அழுத்துவோம். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

உங்கள் உருளையின் ஓட்டை எந்த அளவு? ஒரு உருளைதான் வந்ததா, இரண்டா?

#4 கோவை_மீனா

அக்கா, ரொம்ப நன்றி. ஒரே உருளைதான். ஓட்டைகள் மிளகை விடச் சின்னது, ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள்.

#5 ஆரேக்கரை

அப்படியென்றால் அதுதான் காரணம். அது காய்ந்த சீஸுக்கும் பாதாமுக்கும் உள்ள உருளை. உங்களுக்கு வேண்டியது பெரிய ஓட்டை உருளை, நீள நீளமாக இழை விழும் வகை. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அல்ப்லெர்மக்ரோனன் செய்வேன். மக்ரோனி, உருளைக்கிழங்கு, பாலாடை, மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் அவித்து மசித்த ஆப்பிள், இந்த நாட்டு மலையில் மாடு மேய்க்கிறவர்களின் சாப்பாடு அது. அதற்குக் குரூயேர் சீஸை எப்போதும் பெரிய ஓட்டையில்தான் துருவுவேன்.

#6 பட்டறைக்காரன்

நானும் கோவைதான், கணபதியில் லேத் பட்டறை. கீல் ஏன் உடைந்தது என்று கணக்குப் போட்டே சொல்லலாம்.

கையில் பிடிக்கும் துருவி பாக்குவெட்டி மாதிரி. ஒரு முனையில் கீல், மறு முனையில் உங்கள் கை, நடுவில் கீலுக்குப் பக்கமாகச் சீஸ். கீலிலிருந்து சீஸ் 4 செ.மீ. தூரத்திலும் உங்கள் கை 14 செ.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 3 கிலோ அளவுக்கு அழுத்தினால் சீஸ் மேல் பத்து கிலோவுக்கு மேல் இறங்கும். மிச்சம் ஏழு கிலோ சொச்சத்தை அந்தக் கீல் தாங்க வேண்டும். சுற்றச் சுற்ற அந்தப் பாரம் ஏறி ஏறி இறங்கும். மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு ஊசித் துளை, அதில் ஒரு முளை, அவ்வளவுதான் அந்தக் கீல். ஆரேக்கரை அக்கா சொன்ன மாதிரி சீஸ் அடைபட்டு, நீங்கள் இரண்டு மடங்கு அழுத்தியிருந்தால் பதினைந்து கிலோ ஆகிவிடும். விரிசல் விடாமல் என்ன செய்யும்?

அதனால் அடுத்து வாங்கும்போது கீலைத்தான் முதலில் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை எஃகுக் கம்பி ஊடுருவிப் போகிறதா? போனால் நல்லது. பிளாஸ்டிக்கிலேயே குமிழ் வைத்துச் சொருகியிருந்தால் வேண்டாம். மூடியை மடக்கிப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே ஆடினால் உருளையும் மூடியும் ஒன்றோடொன்று உரசும், உரசி விழும் பிளாஸ்டிக் தூள் சாப்பாட்டில்தான் சேரும். எனக்கு இதுதான் உடைவதை விடப் பெரிய கவலை.

கைப்பிடி நீளம் இன்னொன்று. உருளையின் ஆரம் இரண்டரை செ.மீ., கைப்பிடி ஆறு செ.மீ. என்றால் உங்கள் பலம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். கைப்பிடி குட்டையாக இருந்தால் மணிக்கட்டு வலிக்கும்.

#7 நெய்ரோஸ்ட்

இவ்வளவு கணக்குப் போட வேண்டிய கருவி எதற்கு என்றுதான் எனக்குப் படுகிறது. தகட்டுத் துருவியில் கீலே கிடையாதே.

#8 பட்டறைக்காரன்

அண்ணா, உங்கள் கை நன்றாக இருக்கிறது, நீங்கள் அப்படிச் சொல்லலாம். பத்து வயதுக் குழந்தையும் மூட்டுவாதம் உள்ள அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு அதே பதில் பொருந்தாது. சுற்றும் துருவியில் வெட்டும் பக்கம் முழுக்கக் கூட்டுக்குள் இருக்கிறது. அதற்காகவே அந்தக் கீலையும் கணக்கையும் பொறுத்துக்கொள்ளலாம்.

#9 நெய்ரோஸ்ட்

சரி, ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் நானும் சுற்றும் துருவியைத்தான் கொடுப்பேன்.

#10 ஆரேக்கரை

மூட்டுவாதம் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, வாங்குவதற்கு முன்னம் வாசியுங்கள்.

என் மாமிக்கும் விரல் மூட்டுகளில் அதே வருத்தம். கையில் பிடிக்கும் சிலிஸை அவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். சுற்றுகிற கைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, தோளிலிருந்தே சுற்றலாம். மற்றக் கைதான் பாடுபட்டது. அது மூடியை விடாமல் நசுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். துணி பிழிகிற மாதிரியான அந்தப் பிடிதான் இந்த வருத்தத்துக்கு ஆகாதது. இரண்டு நிமிஷத்தில் விரல் வீங்கினது போல் ஆகி, வைத்துவிட்டார். ‘விரலுக்குப் பாதுகாப்பு’ என்று பெட்டியில் போட்டிருப்பது வெட்டுக் காயத்துக்குத்தான், மூட்டு நோவுக்கு இல்லை.

அவருக்குச் சரிவந்தது மேசையில் ஒட்டி நிற்கிற வகை. அடியில் பெரிய இறப்பர்க் கிண்ணம், பக்கத்தில் ஒரு நெம்பைத் திருப்பினால் காற்று வெளியேறி மேசையைக் கவ்விப் பிடிக்கும். மேலே புனல், அதற்குள் சீஸைத் தள்ள ஒரு கட்டை, பக்கத்தில் நீளக் கைப்பிடி. எதையும் நசுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தால் கையின் பாரமே தள்ளிவிடும், மற்றக் கை சுற்றும். ஊரில் இப்போது தேங்காய் துருவுவதற்கு வருகிறதே, மேசையில் கவ்விப் பிடிக்கிற சுற்றும் திருவலை, அதே மாதிரித்தான்.

உங்கள் அம்மாவுக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். நெம்பைத் திருப்புவது மட்டும் கொஞ்சம் இறுக்கம். அதை நீங்களோ பிள்ளைகளோ செய்து கொடுத்துவிடுங்கள்.

#11 கோவை_மீனா

அக்கா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் கையில் பிடிப்பதையே இரும்பில் வாங்கி அம்மா கையில் கொடுத்திருப்பேன். பிழிகிற பிடி பற்றி யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “துணி பிழியும்போதுதான் எனக்கு உயிர் போகிறது, அந்த அம்மா சரியாகச் சொல்கிறாள்” என்றார்.

#12 புதுவை_பாரிஸ்

நான் புதுச்சேரிக்காரன், பாரிஸில் இருக்கிறேன். இந்தச் சுற்றும் கருவிகளுக்கு இந்த ஊரிலும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஜான் மான்தலே என்பவர் 1932-இல் காய்கறியை மசிக்கும் கைச்சுற்று இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிறகு அதே கையால் சுற்றும் முறையில் துருவிகளும் வந்தன, பெயர் ‘மூலி’. பின்னால் பெரிதாக வளர்ந்த மூலினெக்ஸ் கம்பெனி அவருடையதுதான். தெருவில் பழைய சாமான் விற்கும் நாட்களில் அந்த மூலித் துருவிகள் இன்றும் கிடைக்கின்றன. தகரத்தில் செய்தது, மூன்று கால் கொண்டதும் உண்டு, கையில் பிடிப்பதும் உண்டு. என்னிடம் ஒன்று இருக்கிறது. கழுவியதும் துடைத்துக் காயவைக்காவிட்டால் துரு ஏறிவிடும். ஆனால் கீல் இன்னும் அசையவில்லை. பட்டறைக்காரன் சொன்னது சரி, அதில் கம்பி ஊடுருவித்தான் போகிறது.

இங்கே கடைகளில் துருவிய எமென்டால் பையில் அடைத்து விற்பார்கள், எல்லா வீட்டிலும் இருக்கும். நானும் வருஷக்கணக்கில் அதைத்தான் வாங்கினேன். துருவி வந்த பிறகு கட்டியாக வாங்குகிறேன், திரும்பிப் போக மனம் வரவில்லை. பையில் வருவது ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது என்று உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். உடம்புக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம், மாவு மாவுதான். ஆனால் தோசை மேல் போட்டால் இழை இழையாக உருகி ஒன்றுசேராமல் தனித்தனியாக நிற்பதைப் பார்க்கலாம். வாசனையும் குறைவு. துருவியவுடன் வருகிற அந்த மணம் அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். காப்பிக்கொட்டையை அப்போதைக்கப்போது அரைக்கும் வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஊருக்கு வரும்போது ஆரோவில் ‘லா ஃபெர்ம்’ சீஸ் வாங்குவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமுறை வாங்கித் துருவிப் பாருங்கள்.

#13 சைவச்சமையல்

ஆரேக்கரை அக்கா பார்மிஜானோ, குரூயேர் என்றெல்லாம் எழுதியிருப்பதால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பாலைத் திரிக்க ரென்னெட் சேர்ப்பார்கள். பார்மிஜானோ ரெஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அதனால் உண்மையான பார்மிஜானோ எதுவும் சைவம் ஆகாது. எனக்கு இது தெரியவந்தபோது நாலு வருஷமாகச் சாப்பிட்டிருந்தேன். அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. நம் ஊரில் அமுல் மாதிரி பச்சைப் புள்ளியோடு வருவது நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட். வெளியிலிருந்து வருவதை உறையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

#14 ஆரேக்கரை

உண்மைதான் சகோதரம், நான் எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். குரூயேரும் ஸ்ப்ரின்ஸும் அப்படித்தான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம், அன்றைக்கு அந்தச் சீஸ்களை எடுக்க மாட்டோம். இங்கே சில சீஸ்களில் நுண்ணுயிர் ரென்னெட் என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குவேன்.

#15 மாடித்தோட்டம்

அமுல் சீஸே போதும் என்பவர்களுக்கு வழி சொல்லுங்கள். சுற்றும் துருவியில் அதைப் போடவே கூடாதா?

#16 நெய்ரோஸ்ட்

போடலாம், ஆனால் குளிர வைத்துப் போடுங்கள். தகட்டுத் துருவிக்கே இது தேவை.

பால் கொழுப்பு ஃபிரிட்ஜ் குளிரில் கெட்டியாக இருக்கும், முப்பது டிகிரி தாண்டினால் பெரும்பகுதி இளகிவிடும். சென்னையில் மே மாதம் அடுப்புப் பக்கத்தில் எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசியுங்கள். கட்டியை வெளியே வைத்த பத்து நிமிஷத்தில் மேலே எண்ணெய்ப் பூச்சு மாதிரி மினுங்க ஆரம்பிக்கும். அந்த நிலையில் எந்தத் துருவியும் தோற்றுவிடும். அதனால் துருவுவதற்கு 20 நிமிஷம் முன்னால் கட்டியை ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். பதப்படுத்திய சீஸ் இளக்கமானது என்பதால் அரை மணி நேரம் கூட வைக்கலாம். கல்லாக உறைந்துவிடக் கூடாது, விரலால் அழுத்தினால் கொஞ்சம் மட்டும் அமுங்க வேண்டும். முழுக்க உறைந்ததைத் துருவினால் இழையாக வராமல் உடைந்து தூளாகும்.

துருவிய உடனே தட்டில் பரப்பி ஒரு சிட்டிகை சோள மாவு தூவி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் அந்த வாரம் முழுக்க ஒட்டாமல் இருக்கும். ஊத்தப்பம் வேகும்போது நேராக ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தூவலாம்.

#17 ஆரேக்கரை

கூட ஒன்று. உருளையையும் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எவர்சில்வர் வெக்கையாக இருந்தால் முதல் சுற்றிலேயே சீஸ் ஒட்டிக்கொள்ளும். கட்டியைக் குழியின் அளவுக்கு வெட்டிப் போடுங்கள், திணிக்கக் கூடாது. குழியின் சுவரில் முட்டினால் நீங்கள் அழுத்துவதில் பாதி சுவருக்குப் போய்விடும்.

#18 மாடித்தோட்டம்

நன்றி. கழுவுவதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கொதி தண்ணீரில் ஊற வைத்தும் ஓட்டைகளில் ஒட்டியது போகவில்லை. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன்.

#19 புதுவை_பாரிஸ்

கொதி தண்ணீர்தான் தப்பு. சூட்டில் சீஸ் இளகி இழுபட்டு ஓட்டைக்குள் இன்னும் இறங்கிவிடும், ஆறினால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், துருவி முடித்த அந்த நிமிஷமே. சீஸ் இறுகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உருளையின் உள்ளிருந்து வெளியே தேய்த்தால் முத்து முத்தாக உதிரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவலாம்.

இன்னொரு வழி என் பாட்டி அம்மியில் செய்ததைப் பார்த்துக் கற்றது. சட்னி அரைத்த பிறகு ஒரு பிடி அரிசி போட்டு அம்மியை வழிப்பார். அதே மாதிரி சீஸ் முடிந்ததும் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைக் குழியில் போட்டு நாலு சுற்றுச் சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் சீஸை ரொட்டித் தூள் எடுத்துக்கொண்டு வெளியே வரும். அந்தத் தூளைக் கட்லெட்டில் புரட்டப் பயன்படுத்தலாம். எதுவும் வீணாகாது.

#20 மாடித்தோட்டம்

ரொட்டி வழி அருமை, இன்றைக்கே செய்து பார்த்தேன். உருளை பளிச்சென்று வந்துவிட்டது. கேரட், பீட்ரூட்டும் இதில் துருவலாமா?

#21 பட்டறைக்காரன்

மேசையில் ஒட்டும் வகையில் தாராளமாக. கையில் பிடிப்பதில் வேண்டாம், பச்சைக் கேரட் கட்டியானது, மறுபடி கீல் கதைதான் வரும். பாதாம், கொப்பரை, சாக்லேட் எல்லாம் சின்ன ஓட்டையில் நன்றாக வரும். வெல்லம் போடாதீர்கள், ஈரப்பசைக்கு ஓட்டை முழுக்க அடைத்துவிடும்.

#22 சைவச்சமையல்

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் குறிப்பில் ‘ஒரு கப் துருவிய சீஸ்’ என்று இருந்தால் நம்பிப் போடாதீர்கள். சின்ன ஓட்டையில் துருவியது பஞ்சு மாதிரி நிற்கும், பெரிய ஓட்டையில் துருவியது அடங்கி நிற்கும். ஒரே கப்பில் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசப்படும். முதல் தடவை வெள்ளை சாஸ் செய்தபோது எனக்குத் தண்ணியாக நின்றதற்கு இதுதான் காரணம். கிராம் கணக்கில் எடுத்து வைத்துக்கொண்டு துருவுங்கள்.

#23 கோவை_மீனா

பத்து நாள் கழித்து வருகிறேன். மேசையில் ஒட்டும் வகையையே வாங்கிவிட்டேன், மூன்று உருளைகளோடு. பட்டறைக்காரன் சொன்ன மாதிரி கடையிலேயே பிரித்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் பொறுமையாக நின்றார்.

முதல் நாள் சோதனையாகிவிட்டது. எங்கள் சமையல் மேடையில் கிரானைட் கல் இரண்டு துண்டாகப் போட்டிருக்கிறார்கள். அந்த இணைப்பு மேல் வைத்துவிட்டேன் போலிருக்கிறது, நாலு சுற்றில் கழன்று துருவி சாய்ந்தது. நல்லவேளை, கீழே விழவில்லை. பிறகு இணைப்பிலிருந்து தள்ளி, கல்லை ஈரத் துணியால் துடைத்து, இறப்பர் கிண்ணத்திலும் கொஞ்சம் ஈரம் தடவி ஒட்டினேன். இப்போது அசைக்கவே முடியவில்லை. சாப்பாட்டு மேசை மரம், அதில் சுத்தமாக ஒட்டவில்லை.

சீஸை 25 நிமிஷம் ஃப்ரீசரில் வைத்து, பெரிய ஓட்டை உருளையில் போட்டேன். 200 கிராம் கட்டி இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. இழை இழையாகக் கிண்ணத்தில் விழுந்ததைப் பார்த்துச் சின்னவள் கை தட்டினாள். அப்பிக்கொள்ளவே இல்லை.

இப்போது ஒரே ஒரு குறை. அம்மாவுக்கு இடது கைப்பழக்கம். வலது பக்கம் கைப்பிடி இருப்பதால் வலது கையால் சுற்றப் பார்க்கிறார். அந்தக் கையில்தான் வலி அதிகம். கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வழி இல்லை. சிலிஸில் உருளையை இடப் பக்கமிருந்து சொருகலாம் என்று எங்கோ படித்தேன், இதில் அது முடியாது போல. என்ன செய்யலாம்?

#24 ஆரேக்கரை

கையில் பிடிக்கிற சிலிஸில் அப்படி மாற்றலாம், உண்மை. மேசையில் ஒட்டுகிறதில் மாற்ற முடியாது. மாமி வலது கைக்காரி என்பதால் எனக்கு இந்தக் கேள்வி வரவே இல்லை. பட்டறைக்காரன் தம்பி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

#25 பட்டறைக்காரன்

மீனா, கைப்பிடியைத் தொட வேண்டாம். துருவியையே திருப்பி வையுங்கள்.

ஒட்டியிருப்பதைக் கழற்றி, அரைவட்டம் திருப்பி ஒட்டினால் கைப்பிடி அம்மாவின் இடது பக்கம் வந்துவிடும். சீஸ் விழும் வாய் வலது பக்கம் போகும், கிண்ணத்தை அங்கே வையுங்கள். புனல் நேராக மேலேதான் இருக்கிறது, அதனால் தள்ளுவதில் மாற்றம் இல்லை. வலது கைக்கு அந்தக் கட்டையின் மேல் சும்மா உள்ளங்கையை வைக்கிற வேலைதான், விரலை மடக்க வேண்டாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். உருளையின் பற்கள் ஒரு பக்கம் பார்த்து எழும்பி நிற்கும், அதனால் சுற்ற வேண்டிய திசை ஒன்றுதான். கைப்பிடி இருக்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் முன்பு எந்தத் திசையில் சுற்றினீர்களோ, திருப்பி வைத்த பிறகும் அதே பக்கத்தில் நின்று பார்த்து அதே திசையில்தான் சுற்ற வேண்டும். அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எதிர்த்திசையில் சுற்றுவது மாதிரி தெரியும், குழம்ப வேண்டாம். கடிகார முள் சுற்றும் திசையா, எதிரா என்று பார்த்து, கூட்டின் மேல் ஒரு அம்புக்குறி வரைந்து ஒட்டிவிடுங்கள். உட்கார்ந்து சுற்றுவதாக இருந்தால் மேடை உயரம் அதிகம், தோள் தூக்கிக்கொள்ளும். முழங்கை மட்டத்தில் வழவழப்பான கல்லோ கண்ணாடியோ போட்ட மேசை இருந்தால் அங்கே வையுங்கள்.

#26 கோவை_மீனா

பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் துணி மடிக்கும் தாழ்வான கடப்பாக்கல் மேடை ஒன்று இருக்கிறது. மழமழவென்று இருக்கும். அங்கே அரைவட்டம் திருப்பி ஒட்டினேன். நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். பெரியவள் சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் அம்புக்குறி வெட்டி ஒட்டினாள்.

அம்மா முதல் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றினார். அப்புறம் நிறுத்தவே இல்லை. சீஸ் தீர்ந்தும் “கேரட் இருந்தால் கொண்டா” என்று கேட்டார். இரண்டு கேரட் துருவினார், நடுவில் ஒருமுறை மட்டும் கையை உதறிக்கொண்டார். இன்று காலை ஊத்தப்பத்துக்குச் சீஸ் துருவியது முழுக்க அவர்தான். காய்ந்த ரொட்டியை வேண்டுமென்றே எடுத்து வைத்திருக்கிறார், கடைசியில் போட்டுச் சுற்றுவதற்கு.